இடது பக்கப் பின்கதவு

கூரம் கிராமத்திலிருந்து அந்தக் காரை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது முசரவாக்கம் சாலையில் வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. குமாரவேல் தன் ஷெட்டின் தகரக் கதவைத் திறந்துவிட்டு நின்றான். பழைய பியட். சக்கரங்கள் காற்றில்லாமல் சப்பிப் போயிருந்தன. கண்ணாடிகளில் வருஷக்கணக்கான தூசி. கதவுகளின் அடிவிளிம்பைத் துரு கரையான் மாதிரி தின்றிருந்தது.

இதைவிட மோசமான நிலையில் வந்த கார்களையெல்லாம் அவன் ஓட வைத்திருக்கிறான். தகரவேலை அவனுடையது. நிறம் அவன் மனைவி அம்சாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவள். பாதிப் புடவையில் பட்டுநூல் தீர்ந்துபோனால், மிச்சப் பாதிக்கு அதே நிறத்தைக் கண்ணளவில் கூட்டிக் கொடுப்பாள். இப்போது பட்டுக்குப் பதில் தகரம், அவ்வளவுதான்.

காரின் சொந்தக்காரர் சுகாசினி லாரிக்குப் பின்னாலேயே ஆட்டோவில் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை, தனியாக இருப்பவர். கணவர் காசிநாதன் இறந்து பல வருஷம் ஆகிறது. கார் கணவருடையதாம். துரு ஒரு பொட்டுகூட மிஞ்சக்கூடாது, நிறம் ஒரு இழைகூட மாறக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சென்னையில் பழைய கார்களை அணிவகுத்து நிறுத்துவார்களே, அதற்காகவா என்று குமாரவேல் கேட்டான். அவர் தலையை ஆட்டவில்லை.

"புதுசு மாதிரி மின்னணும்னு இல்லை, குமாரவேல். பார்த்தா அடையாளம் தெரியணும். அது போதும்."

யாருக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வேலை தொடங்கியது. இருக்கைகளையும் கதவுகளின் உள் அட்டைகளையும் கழற்றினான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, செதில் செதிலாகத் துருவை உதிர்த்து, உப்புத்தாள் போட்டு, வெள்ளித் தகரம் தெரியும்வரை போனான். அதற்குள் அம்சா பழைய நிறத்தைத் தேடினாள். வெளியில் இருந்த பெயின்ட் வெயிலில் வெளுத்து எதற்கும் உதவாமல் இருந்தது. டாஷ்போர்டின் சின்னப் பெட்டிக்குள், வெளிச்சமே படாத மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு அது அப்படியே இருந்தது. மெல்லத் தேய்த்ததும் பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் போல ஒரு பச்சை எழுந்தது. அவள் தகரத் துண்டுகளில் கலந்து பூசி, காயவைத்து, நிழலில் பார்த்து, வெயிலில் பார்த்து, தூக்கிப் போட்டாள். ஈரத்தில் ஒத்துப்போகும் நிறம் காய்ந்ததும் விலகிப் போனது. அதெல்லாம் வழக்கம்தான்.

வழக்கமில்லாதது இடது பக்கப் பின்கதவு.

அந்தக் கதவின் உள்பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே, நாலைந்து மெல்லிய கோடுகளாகத் துரு பிடித்திருந்தது. மற்ற இடங்களில் துரு படர்ந்திருந்தது, இங்கே கீறியிருந்தது. குமாரவேல் தேய்த்து எடுத்துவிட்டு பிரைமர் அடித்தான். மறுநாள் மதியம் கோடுகள் திரும்ப வந்திருந்தன. மழையுமில்லை, ஈரமுமில்லை. மறுபடி தேய்த்தான். மறுபடி வந்தது. கடைசியில் அந்த இடத்தையே வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தான். புதுத் தகரத்திலும் வந்தது.

அம்சா அந்தக் கோடுகளின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவள் விரல்கள் பெரிதாக இருந்தன. மிகவும் பெரிதாக.

"சின்னக் கைங்க இது," என்றாள்.

சுகாசினி மதியம் தோறும் குடை பிடித்துக்கொண்டு வந்து காரைப் பார்த்துவிட்டுப் போவார். அன்று வந்தபோது, ஒரு கதவில் மட்டும் துரு அடங்கமாட்டேன் என்கிறது என்று குமாரவேல் சொன்னான். எந்தக் கதவு என்று அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"இடது பக்கம் பின்னாடியா?" என்று கேட்டார் அவர்.

பிறகு குடையை மடக்கி, மறுபடி விரித்து, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

அதன்பின் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் அம்சாவுக்குத்தான் கேட்டது. உச்சி வெயிலில், கம்ப்ரசரை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில். உள்ளங்கையால் கண்ணாடியில் தட்டுகிற மாதிரி. சூட்டில் தகரம் விரியும் சத்தம் என்றான் குமாரவேல். ஆனால் சூட்டில் விரியும் தகரம் கொஞ்சம் நின்று, காத்திருந்து, மறுபடி தட்டாது. காரின் கதவைத் திறந்தால் ஒரு வாசனை வந்தது. பெயின்ட்டும் இல்லை, தின்னரும் இல்லை. விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் தலையில் அடிக்கும் வேர்வை நெடி.

அம்சாவுக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவன் சொன்னபோது, அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்களா என்று அழுதாள்.

நிறம் ஒரு வழியாகச் சேர்ந்தது. பாசிப் பச்சையில் துளி மஞ்சள், துளியிலும் துளியாகக் கறுப்பு. தகரத் துண்டைச் சின்னப் பெட்டிக்குள் பிடித்துப் பார்த்தால் எது பழையது, எது புதியது என்று தெரியவில்லை. குமாரவேல் கார் முழுக்க அடித்து முடித்தான். காய்ந்ததும் கண்ணாடிகளைப் பொருத்தினான். இடது பக்கப் பின்கதவில் அன்று காலைவரை ஒரு கோடும் இல்லை.

அன்று மதியம், உள்பக்க நிறமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க அம்சா பின் இருக்கை இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்றே இல்லை. சாலையோர வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

குமாரவேல் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தாள். உள்பக்கக் கைப்பிடிகளை அவன் இன்னும் மாட்டவில்லை. ஓடிவந்து வெளிக் கைப்பிடியைத் திருகினான். அது லொடலொடவென்று சுற்றியது, பூட்டு விடவில்லை. மற்ற கதவுகளுக்கு ஓடினான். ஒன்றும் அசையவில்லை. இரும்புக் கம்பியை இடுக்கில் விட்டு நெம்பினான். புதுப் பெயின்ட் பட்டை பட்டையாகப் பெயர்ந்தது, கதவு விலகவில்லை.

சுத்தியலை எடுத்தான். அம்சாவை ஒதுங்கச் சொல்லிக் கத்திவிட்டு முன்கண்ணாடியில் ஓங்கி அடித்தான். சுத்தியல் எகிறியது. கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. மறுபடி அடித்தான். தோள்பட்டை விட்டுப்போகும்வரை அடித்தான்.

உள்ளே அம்சாவின் ரவிக்கை வேர்வையில் ஒட்டிப் போயிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. கண்ணாடி ஆவியில் மங்கிக்கொண்டு வந்தது. அவள் உள்ளங்கை அதில் பதிந்து சறுக்கியது.

பக்கத்தில் இன்னொரு கை பதிந்தது.

அவளுடையதில் பாதிகூட இல்லாத கை.

குமாரவேல் மண்டியிட்டு, கதவில் தலையை முட்டி, விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான். யாரிடம் கெஞ்சுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. அப்போதுதான் சுகாசினி குடையோடு ஷெட்டுக்குள் வந்தார்.

குடையைக் கீழே போட்டார். வந்து அவனைத் தள்ளிவிட்டு, கொதிக்கும் கதவில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்தபடியே, தணிந்த குரலில், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போலப் பேசினார். மகள் காயத்ரி. அப்போது ஐந்து வயது. ஒளிந்து விளையாடியபோது காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கார் நின்ற கொட்டகையின் கதவு சாத்தியிருந்ததால் அவள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. ஊரே திரண்டு குளத்தில் தேடியது, கிணற்றில் தேடியது, ஏரிக்கரை முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தது. பொழுது சாயும்போது, காஞ்சிபுரம் போய்த் தேடலாம் என்று காசிநாதன் காரை எடுக்கப் போனார்.

"தேடப் போறதுக்குத்தான் கதவைத் திறந்தார்," என்றார் சுகாசினி.

அதற்கப்புறம் மதியம் தோறும் கொட்டகையில் தட்டும் சத்தம். அந்தக் கீறல்கள் போய்விட்டால் பிள்ளையின் பயமும் போய்விடும், அப்பா கார் பழையபடி ஆகிவிட்டால் உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள் என்று சுகாசினி நம்பியிருக்கிறார்.

"டீச்சர், என் பொண்டாட்டி செத்துக்கினு இருக்கா," என்றான் குமாரவேல். "எதுனா பண்ணுங்க. உங்க கால்ல விழறேன்."

சுகாசினி கண்ணாடியில் முகத்தை வைத்தார். சொல்லவேண்டியதை அவர் சொல்ல விரும்பவில்லை என்பது குமாரவேலுக்கு அந்த நேரத்திலும் புரிந்தது.

"காயத்ரி, அம்மா வந்துட்டேன்," என்றார். "ஆட்டம் முடிஞ்சிடுச்சுடா. வெளியே வா."

பூட்டு விடும் சத்தம் மெல்லக் கேட்டது.

கதவு திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அம்சா சரிந்து குமாரவேலின் மேல் விழுந்தாள். அவளை இழுத்துப்போய் நிழலில் கிடத்தி, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். மூச்சு இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது சுகாசினி திறந்த கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

கைகளுக்குள் யாரும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் கைகளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பெயர்ந்த இடங்களைச் சரிசெய்து காரைக் கூரத்துக்கு அனுப்பினான். கதவுகளின் பூட்டுகளை முழுக்கக் கழற்றிவிடச் சொல்லியிருந்தார் சுகாசினி. கோடுகள் மறுபடி வரவில்லை. தட்டும் சத்தமும் இல்லை. அம்சா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். சாப்பிட்டாள், தூங்கினாள். ஷெட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பிழைத்தாளே, அது போதும் என்று குமாரவேல் விட்டுவிட்டான்.

ஒரு மதியம் சுகாசினியின் அழைப்பு வந்தது. குரல் அடையாளமே தெரியவில்லை. விடிந்ததிலிருந்து காருக்குள் உட்கார்ந்திருக்கிறாராம். நேற்றும் உட்கார்ந்திருந்தாராம், அதற்கு முந்தின நாளும்.

"அவ இங்க இல்லை, குமாரவேல். சத்தமே இல்லை. நான்தானே வெளியே வரச் சொன்னேன். எங்கே போனாளோ தெரியலை." மூச்சு வாங்கியது. "உங்க ஷெட்ல இருக்காளா? கொஞ்சம் பாருங்க. ஒரு தடவை பாருங்க."

அவன் ஷெட்டைப் பார்த்தான். காலியாக இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே வீட்டுக்குள் போனான். அறையில் அம்சா முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோரமாக மெதுவாக முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது கை வெறும் காற்றை வளைத்து அணைத்திருந்தது. வலது கை எதையோ தட்டிக் கொடுத்தது.

"அம்சா," என்றான்.

அவள் திரும்பினாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதீங்க. இப்பதான் தூங்குது."

போனுக்குள் சுகாசினி இன்னும் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"இல்லைங்க டீச்சர்," என்றான். "இங்க யாரும் இல்லை."

அம்சாவின் இடது தோளில் புடவை, ஒரு சின்னத் தலை சாய்ந்த அளவுக்கு அழுந்திக் கிடந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், துணி சீராக, மூச்சு பட்டுப் பட்டு அசைந்துகொண்டிருந்தது.