ரெண்டரை அடி எங்கே?

டெலிபோன் அலறியது!

காலை பத்தே கால். நகரமைப்பு அலுவலகத்தின் இரண்டாவது மாடி. பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலைக் கட்டிக் காக்கிற அதிகாரி அவள். ஊழியர்கள் வைத்த பெயர் லிஸ்ட் மேடம். ரிசீவரை எடுத்தாள்.

"மேடம், இன்ஸ்பெக்டர் பேசறேன். ஆஸ்பத்திரியில ஒரு கொத்தனார் செத்துட்டார்..."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"சாகறதுக்கு முன்னாடி வாக்குமூலம் குடுத்திருக்கார். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, பழைய அச்சகக் கட்டடத்துல, மெஷின் ரூம்ல ஒரு சுவர் எழுப்பினாராம். சுவருக்குப் பின்னாடி... ஒரு பிணத்தை வெச்சு!"

"யாரோட பிணம்?"



"உங்க அண்ணன், மேடம்."

ஒன்பது வருடங்களாக, எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த அண்ணன்! அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

"கட்டச் சொன்னது யாரு?"

"அதைச் சொல்றதுக்குள்ள ஆள் போயிட்டார்."

அரை மணி நேரத்தில் ஃபைலோடு அச்சகத்தில் இருந்தாள். மெஷின் ரூமில் இன்ஸ்பெக்டர், கடப்பாரையோடு இரண்டு கான்ஸ்டபிள்கள். சுவரை மறித்துக்கொண்டு அவளுடைய கணவன்!

அதே அலுவலகத்தின் சீனியர் சர்வேயர்; செய்தி கேட்டு அவளுக்கு முந்தியே வந்திருந்தான். பட்டப்பெயர் 'அரை இன்ச்'. அளவில் அரை இன்ச் பிசகினாலும் ராத்தூக்கம் வராத மனுஷன்.

"தொடாதீங்க சார்! இது பட்டியல்ல இருக்கற கட்டடம். கமிட்டி உத்தரவு போடாம ஒரு செங்கல்லை அசைச்சாலும் உங்க தொப்பி போயிடும்!"

"கொலைக் கேஸ் சார் இது!"

"சாகப்போற ஆளு உளறினதெல்லாம் கேஸா? கமிட்டி கூடட்டும். மூணு மாசம் ஆகும்."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பிப் பரிதாபமாக விழித்தார்.

"போன வருஷம் இப்படித்தான் ஒரு பழைய வாசக்கதவை உடைச்சேன் மேடம். உள்ளே ஒண்ணுமே இல்ல. ஆறு மாசம் சஸ்பெண்ட்!"

கணவன் அருகில் வந்தான். குரலில் தேன்.

"நீ வீட்டுக்குப் போம்மா. உன்னால தாங்க முடியாது. எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

அண்ணன் காணாமல் போன அன்றும் இப்படித்தான் சொன்னான். அடுத்த வருடமே கல்யாணம். உயிரோடு இருந்தவரை அண்ணன் ஒத்துக்கொள்ளாத கல்யாணம்.

அவள் போகவில்லை. ஃபைலைப் பிரித்து, இரண்டு வரைபடங்களை அச்சு மெஷின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"என்னங்க... கட்டடம் கட்டினப்போ போட்ட பிளான்ல இந்த ரூம் நீளம் இருபத்திரண்டு அடி. பட்டியல்ல சேர்க்க நீங்க அளந்த ஷீட்ல பத்தொன்பதரை. ரெண்டரை அடி எங்கே?"

"பழைய பிளான் தப்பா இருக்கும்."

"மத்த ஏழு ரூமும் கச்சிதமா இருக்கே?"

அவன் நெற்றியைத் துடைத்தான்.

"அப்போ... நான் தப்பா அளந்திருப்பேன்."

"யாரு, நீங்களா?" இன்ஸ்பெக்டர் சிரித்தே விட்டார்.

"இருபத்திரண்டுன்னு எழுதியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள் அவள். "உங்க கைக்குப் பொய் அளவு எழுத வரல. இந்தக் கட்டடத்தைப் பட்டியல்ல சேர்த்துடுன்னு என் பின்னாடியே அலைஞ்சதும் நீங்கதான். அச்சு மெஷின் மேல ஆசைன்னு நெனச்சேன்!"

அவன் முகம் வெளிறியது. ஒரு நொடிதான். சமாளித்துக்கொண்டான்.

"என்ன வேணா நெனச்சுக்கோ! பட்டியல் பட்டியல்தான். கமிட்டி இல்லாம ஒருத்தரும் கை வைக்க முடியாது!"

இன்ஸ்பெக்டரின் தோள் தொங்கிப்போனது.

அவள் பேனாவைத் திறந்தாள்.

"பாதுகாப்பு, கட்டினப்போ இருந்த சுவருக்குத்தாங்க. பின்னாடி சேர்த்ததுக்குக் கிடையாது. அதை எடுக்கக் கமிட்டி வேண்டாம், என் கையெழுத்து போதும். பின்னாடி சேர்த்ததுதான்னு நிரூபிக்கறது... உங்க ஷீட்!"

ஃபைலில் இருந்த உத்தரவுத் தாளிலும் அதன் நகலிலும் கையெழுத்துப் போட்டாள். உத்தரவை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

கடப்பாரை இறங்கியது. ஒன்று... இரண்டு... நான்காவது அடியில் செங்கற்கள் சரிந்தன.

சாக்கு. அதற்கு வெளியே ஒரு பிரவுன் ஷூ. அண்ணனுக்கு அவள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

"உனக்காகத்தான் செஞ்சேன்!" அவன் கத்தினான். "அவன் நம்மளைச் சேர விட்டிருக்க மாட்டான்!"

விலங்கு பூட்டப்பட்டது. அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. உத்தரவின் நகலை மடித்து, கணவனின் சட்டைப்பையில் செருகினாள்.

"ஆட்சேபணை இருந்தா முப்பது நாளைக்குள்ள எழுத்து மூலமா குடுங்க. ஜெயில் முத்திரையோட வந்தாலும் வாங்கிப்போம்!"