என் முத்து யார் கையிலே

பாட்டுக்குள் ஒரு பிள்ளை தும்மியது.

"நூறு" என்றாள் பூமாரி, பிள்ளை தும்மினால் ஆயுசு சொல்கிற பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் மடியைப் பார்த்தாள். பிள்ளை தும்மவில்லை. வாயோரம் பால் காய்ந்திருக்க, இரண்டு கையையும் இறுக்க மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தும்மல் வந்தது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், சைனப் அக்கா வீட்டு ரேடியோவிலிருந்து. கிதாருக்கும் பெண்குரலுக்கும் நடுவே, சின்னதாக, ஈரமாக. ஸ்டுடியோவுக்குள் யார் வீட்டுக் குழந்தையையோ விட்டுவிட்டார்கள் போல, அதற்கென்ன என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், மடியில் கிடந்தவன் முகத்தைச் சுளித்தான். மூக்கைச் சுருக்கினான். தும்மினான். அதே தும்மல்.

இரண்டாம் தரம் "நூறு" சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் தாராவியையே ஆட்டிவைத்த பாட்டு அது. டீக்கடையில், தோல் கிடங்கில், தண்ணீர்க் குழாயடியில், எங்கே போனாலும் அதுதான். ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்பாள்: "என் முத்து யார் கையிலே?" ஆண்குரல் குழைந்துகொண்டு சொல்லும்: "என் கையிலே இல்லையே." உடனே அவள், "பொய் பொய் பொய், மூடின கையைத் திற!" அங்கே கிதாரும் போங்கோவும் சேர்ந்து ஒரு குலுக்குக் குலுக்கும் பாருங்கள், பல் போன கிழவனுக்கும் இடுப்பு ஆடும். சிலோன் ரேடியோவில் நாள் தவறாமல் வைத்தார்கள். பாடிய செண்பகவல்லி நம்ம தாராவிப் பெண் என்று திருநெல்வேலிக்காரர்கள் எல்லாரும் மார்தட்டினார்கள்.

செண்பகவல்லி செத்து மூன்று வருஷம் ஆகிறது. பூமாரியின் புருஷன் அய்யாத்துரைக்கு அவள்தான் முதல் பெண்டாட்டி. செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் கோரஸ் பாடப் போனவளை, குரல் நன்றாக இருக்கிறதே என்று தனியாக நிறுத்திப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது வயிற்றில் பிள்ளை. தன் வரிகளை மட்டும் பாடிவிட்டு, ஆண்குரலுக்கு இடம் விட்டு வந்தாள். ஆண்குரல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குள் அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. டேப் எங்கேயோ கிடந்தது. இப்போது எடுத்துத் தூசி தட்டி, அவள் விட்ட இடங்களில் பெயர்போன பாடகர் ஒருவரைப் பாடவைத்து ரெக்கார்டு போட்டுவிட்டார்கள்.

மூத்தாள் பாட்டு என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற ரகமல்ல பூமாரி. செத்தவளோடு என்ன சக்களத்திச் சண்டை என்று, பாட்டு வந்த முதல் நாள் அவளும் காலால் தாளம் போட்டவள்தான். அவளுக்கு இந்த உலகத்தில் பயம் ஒன்றே ஒன்று. அது மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் பிள்ளை பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. நோயில்லை, நொடியில்லை. பால் குடித்துத் தூங்கியது, எழுந்திருக்கவில்லை. அதனால் இவன் பிறந்ததும் ஊர் வழக்கப்படி குப்பைமேட்டில் உருட்டி எடுத்தார்கள். சைனப் அக்கா முறம் நிறையத் தவிடு கொடுத்து அவனை விலைக்கு வாங்கிக்கொண்டாள். விலை போன பிள்ளை, குப்பையில் கிடந்த பிள்ளை என்றால் எமனும் வேண்டாமென்று போய்விடுவான். கூப்பிடுகிற பெயரும் குப்பைதான். யாராவது கொஞ்ச வந்து "யாரு புள்ள?" என்று கேட்டால், "சைனப் அக்கா புள்ள" என்று பூமாரி பட்டென்று சொல்வாள். அவனுக்கென்று ஒரு நல்ல பெயரை நெஞ்சுக்குள் முடிந்து வைத்திருந்தாள். ஒரு வயசு முடிந்ததும் சங்கரன்கோவில் சந்நிதியில் வைத்துத்தான் அதை வாய்விட்டுச் சொல்வதாக நேர்ச்சை. புருஷனுக்குக்கூடத் தெரியாது. அவன் வயசுப் பிள்ளைகள் எல்லாம் ஆளைப் பார்த்து "ங்கு" சொல்ல ஆரம்பித்துவிட்டன. குப்பை இன்னும் சொல்லவில்லை. முதல் ங்கு தன்னைப் பார்த்துத்தான் சொல்வான் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அய்யாத்துரை தோல் கம்பெனியிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அந்தப் பாட்டுல புள்ளச் சத்தம் எதும் உண்டா?"

சுண்ணாம்பு நாற்றம் போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "எந்தப் பாட்டுல?"

"எந்தப் பாட்டா? ஊரே ஒத்தப் பாட்டைத்தான பாடுது. உங்க மூத்த பொண்டாட்டி பாட்டு."

"கிதாரு உண்டு. போங்கோ உண்டு. புள்ள ஏது?" அவன் அவளைப் பார்க்கவில்லை. "நீ அதைக் கேக்காத."

"நானாவா கேக்கேன்? சுவரு பலகை. காதைக் கழத்தி உறியில வைக்கச் சொல்லுதியளா?"

அவன் மறுபடி கையைத் தேய்த்தான்.

அடுத்தடுத்த நாட்களில் அவள் கேட்காமல் இருக்கத்தான் பார்த்தாள். தகரக் கூரையில் மழை கொட்டும். ஊறிய தோலின் நாற்றமும் சாக்கடை நாற்றமும் மண்ணெண்ணெய்ப் புகையும் ஒன்றாகக் கலந்து ஈரத் துணிபோல முகத்தில் அப்பும். எல்லாவற்றையும் மீறிப் பலகை இடுக்கு வழியாக அந்தப் பாட்டு வரும். அதற்குள் வேறு சத்தங்களும் வந்தன. மூங்கிலில் தொட்டில் கயிறு உரசும் கிறீச்சு. குப்பையின் அரைஞாண் கயிற்றில் கோத்த ஒற்றை மணி. ஒரு நாள் கூரை ஒழுகிப் பித்தளைக் குடத்தில் சொட்டும் சத்தம் பாட்டில் கேட்டது. பூமாரி எழுந்து போய்க் குடத்தை நகர்த்தி வைத்தாள். பாட்டிலும் சொட்டு நின்றது.

மறுநாள் சைனப் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா குப்பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அவ சாகும்போது நான் பக்கத்துல நின்னேன். புள்ள முந்தியே போயிட்டு. அது அவளுக்குத் தெரியாது. 'எம் புள்ள எங்க, யாரு கையில இருக்கு'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. சாகப் போறவகிட்ட என்னத்தச் சொல்ல? உம் புருசன்தான் சொன்னான். 'நல்லாத் தூங்குது, நம்மளுக்கு வேண்டிய பொம்பள ஒருத்தி கையில இருக்கு'ன்னு. அதைக் கேட்ட பெறவுதான் கண்ணை மூடுனா."

பூமாரிக்குப் பயத்தைவிடக் கோபம் வேகமாக வந்தது. "அதுக்கு? ரேடியோ வழியா வந்து எடுத்துட்டுப் போயிருவாளோ? இது உங்க புள்ளக்கா. தவிட்டுக்கு வாங்குன புள்ள. அவளுக்கு இங்கன ஒரு சோலியும் கிடையாது."

"அப்படியே சொல்லிக்கிட்டு இரு. வாய் தவறிக்கூட மாத்திச் சொல்லிராத."

இரண்டு நாள் கழித்து மத்தியானம் சைனப் அக்கா ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். ரேடியோவை அணைக்கப் போனவளைப் பூமாரி சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தடுத்தாள். "அணைக்காதிய, இருக்கட்டும். நான் என்ன அவளுக்குப் பயந்தா கெடக்கேன்?" பயந்துதான் கிடந்தாள். ஆனால் என் வீட்டில் நான் எதற்குக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்று வீம்பு. குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பலகைச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மழை வலுத்தது. பகலிலேயே அறை இருண்டது. நேயர் விருப்பத்தில் யார் யாரோ பெயர் வாசித்தார்கள். கிதார் தொடங்கியது.

"என் முத்து யார் கையிலே?"

இப்போது ஆண்குரல் வரவேண்டும். வரவில்லை. கிதார் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. போங்கோ காத்திருந்தது. அந்த வெற்றிடத்தில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி நின்றுகொண்டே பாடினால் வாங்குகிற மூச்சு.

"என் முத்து யார் கையிலே?"

மறுபடி வெற்றிடம். பூமாரிக்குப் புரிந்துவிட்டது. அந்த இடம் எந்தப் பாடகருக்காகவும் விட்டது இல்லை.

பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "சைனப் அக்கா புள்ள" என்றாள், சத்தமாக.

"பொய் பொய் பொய்."

சிரிப்பு. கோபமே இல்லாத சிரிப்பு. ஒளிந்து விளையாடுகிற பிள்ளையைக் கண்டுபிடித்த அம்மா சிரிக்கிற சிரிப்பு.

"விலைக்கு வாங்குன புள்ள. குப்பையில கெடந்த புள்ள!"

"பொய் பொய் பொய்."

இப்போது குரல் ரேடியோவில் இல்லை. பலகையில் இருந்தது. பூமாரியின் முதுகு அதை உணர்ந்தது. பலகை அதிர்ந்தது. பிடரியில் சூடான மூச்சு. ஆஸ்பத்திரி லோஷன் வாசனை. வாடின மல்லிகை.

"என் முத்து யார் கையிலே?"

பூமாரிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆங்காரம். முதல் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அடைத்துவைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"ஆமாட்டி, பொய்தான்! எல்லாம் பொய்தான்! இது எம் புள்ள! நான் வயிறு கிழியப் பெத்த புள்ள! உம் புள்ள செத்துப்போச்சுட்டி, மண்ணுக்குள்ள கெடக்கு, அங்கன போய்த் தேடு! இவன் என்னோட கோமதிநாயகம்! எங்கே, தொடு பாப்போம்! தொட்டுப் பாருட்டி!"

பாட்டு நின்றது.

மழைச் சத்தம் மட்டும். ரேடியோவில் லேசான இரைச்சல். முதுகில் பலகை வெறும் பலகையாக இருந்தது. பூமாரிக்கு மூச்சு வாங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. ஓடிவிட்டாள் பார், ஒரு அதட்டலுக்குத் தாங்கவில்லை! "அம்மைகிட்டயா வந்து ஆட்டம் காட்டுதா?" என்று பிள்ளையின் முதுகைத் தட்டினாள். தட்டிய கை நின்றது.

என்ன சொன்னோம்?

என் பிள்ளை என்று சொன்னோம்.

பெயரைச் சொன்னோம்.

சைனப் அக்கா வீட்டில் கிதார் தொடங்கியது. அடுத்த வீட்டிலும். எதிர்ச் சாரியிலும். டீக்கடையிலும். மழைக்குள் சந்து முழுக்க ஒரே கிதார். ஒரே குரல். இதுவரை ரெக்கார்டில் இல்லாத வரி.

"கோமதிநாயகம்."

மெதுவாக, கொஞ்சிக் கொஞ்சி. தாலாட்டுப்போல.

"கோமதிநாயகம்... கோமதிநாயகம்..."

குப்பை தோளில் தலையை நிமிர்த்தினான். அவள் அவன் காதைப் பொத்தினாள். முந்தானையால் மூடினாள். "இல்ல, இல்ல, அது உம் பேரு இல்ல, நீ குப்பை, நீ என் குப்பை." அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, சுவரைப் பார்த்தான். பொக்கைவாய் மலர்ந்தது.

"ங்கு" என்றான்.

அவளைப் பார்த்து அல்ல.

பூமாரி அழவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "தர மாட்டேன்" என்றாள். "சாமியே வந்தாலும் தர மாட்டேன். பாடு. எம்புட்டு வேணும்னாலும் பாடு. நானும் பாடுதேன்." குரல் நடுங்க, சந்து முழுக்கப் பாடும் குரலுக்கு மேலாக, அவளும் பாடத் தொடங்கினாள். தன் அம்மா பாடிய தாலாட்டு. ராகம் தப்பியது. வார்த்தை மறந்தது. நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவள் தோளுக்கு மேலே பிள்ளையின் வலது கை நீண்டது. பிறந்ததிலிருந்து மூடியே இருந்த கை திறந்தது. அந்தரத்தில் விரல்கள் துழாவின. எதையோ தொட்டன. தொட்டதைச் சுற்றி, பெரியவர்களின் ஒற்றை விரலைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்களே, அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

பிறகு அந்தச் சின்னக் கை, போங்கோவின் தாளத்துக்கு, மேலும் கீழும் மெல்ல அசையத் தொடங்கியது. அவனாக அசைக்கவில்லை.