அடைப்புக்குறி இல்லாத வரி

தியாகராய நகர் பென்ஷன் ஆபீசுக்கு அந்தக் கம்ப்யூட்டர் எழுபத்து மூன்றில்தான் வந்தது. செத்தவர்களின் அட்டைகள் விழும் தட்டு ஒரு நாள் சாயங்காலத்துக்குள் நிரம்பி வழிந்தது. இத்தனை பேரா செத்தார்கள்? வாசலில் நின்ற காவலாளி அய்யாதுரை உள்ளே வந்து தட்டை எட்டிப் பார்த்தார். அந்த மெஷினை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

"நிறுத்துங்க சார்," என்றாள் அட்டை துளைக்கும் ஜெயபாரதி. "மெஷினுக்குக் குடுத்த வரியில மயிலாப்பூர் அல்லது அடையாறு, அதுல செத்தவங்கன்னு எழுதியிருக்கீங்க. ஊர் ரெண்டையும் ப்ராக்கெட்டுக்குள்ள போடல. மெஷின் அடையாறையும் செத்ததையும்தான் முதல்ல சேர்க்கும். அடையாறுல செத்தவங்க மட்டும் விழுவாங்க. ஆனா மயிலாப்பூர்ல உசிரோட இருக்கிறவங்களும் சேர்ந்து எல்லாருமே விழுவாங்க."

அதிகாரி சந்திரமௌலி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "நாளைக்குத் திருத்திண்டா போச்சு. அட்டைதானேம்மா செத்திருக்கு, ஆளா செத்துட்டா?"

"எம் பொஞ்சாதி முத்தம்மா மயிலாப்பூர் பென்ஷன்மா," என்றார் அய்யாதுரை. "அதுல அவ அட்டையும் கீதான்னு பாரு."

ஜெயபாரதி புரட்டினாள். ஒன்றை உருவி நீட்டினாள். பிணத்தின் நெற்றியைத் தொட்டது போலிருந்தது அவருக்கு.

"நான் வூட்டுக்குப் போறேன். வேலை போனா போவட்டும்."

லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மல்லிகையும் வடை எண்ணெயும் வழக்கம்போல மணந்தன, கோயில் மணி கேட்டது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ஆனால் தன் சந்துக்குள் திரும்பியதும் அத்தனை வாசனைக்கும் அடியிலிருந்து, பூ அழுகிய தண்ணீர் போல ஒரு வாடை மெல்ல ஏறி வந்தது.

அடிபம்பில் வலியுல்லா பாய், ரிட்டயராகிப் பென்ஷன் வாங்கும் தபால்காரர், தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். குடம் வழிந்து தெருவெல்லாம் ஓடியது. கை நிற்கவில்லை.

"பாய், கொடம் ரொம்பிடுச்சு."

"வந்துட்டியா நைனா." உதடு அசையவில்லை.

அய்யாதுரை ஓடினார். வீடு. கதவு திறந்திருந்தது. அடுப்படியில் முத்தம்மாவின் முதுகு. குழம்பு கொதித்தது.

"ஏ, முத்தம்மா."

"கையக் கழுவிக்கினு குந்து. இன்னாத்துக்கு இப்படி மூச்சு வாங்குற, போலீசு தொரத்துதா?"

அதே ஏச்சு. அவருக்குப் போன உயிர் திரும்பியது. சிரிப்புகூட வந்தது. தோளைத் தொட்டார்.

சில்லென்றிருந்தது.

அவள் திரும்பினாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. கருவிழியின் மேல் எறும்புகள். சாரையாக. ஒரு ஓரத்தில் ஏறி மறு ஓரத்தில் இறங்கின.

"குந்துன்னேன்ல," என்று தட்டில் சோறு போட்டாள்.