தொண்ணூற்றாறு யாருடையது?

தொப்பியைக் கழற்றியதும் நறுமுகை செய்த முதல் காரியம், வாய்கொள்ளாமல் ஒரு கொட்டாவி விட்டது. கணினிப் பொறியாளராக ஒரு முழு வாழ்க்கையைக் கால்மணி நேரத்தில் வாழ்ந்து முடித்த அலுப்பு. எதிர்ச்சுவரில் பச்சை எழுத்தில் எண் மின்னியது: தொண்ணூற்றாறு.

"பாத்தியா கண்ணு! நாஞ் சொன்னனல்ல!" என்று துள்ளினார் அப்பா சென்னியப்பன். கோபியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மகளை ஈயம் பித்தளை நடுவே உட்கார விடக்கூடாது, கணினி படிக்க வைத்தே தீருவது என்று அவள் பிறந்த நாளிலிருந்து ஒற்றைக்காலில் நிற்பவர்.

மதிப்பெண்ணை வைத்துப் படிப்பை முடிவு செய்த காலத்தை நினைத்து இப்போது ஊரே சிரிக்கிறது. எல்லாம் நிறைவுமானிதான். தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளங்கையைத் தட்டின்மேல் வைத்தால் போதும், ஒரு வேலையின் அன்றாடம் கண்முன் ஓடும். குடும்பத்தார் பார்க்கச் சுவரிலும் அதே படம் தெரியும். அந்த வேலை அந்த மனுஷருக்கு எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்று உள்ளங்கை வழியே படித்து, நூற்றுக்கு இத்தனை என்று கறாராகச் சொல்லிவிடும். தொண்ணூற்றைத் தாண்டினால் அரசுக் கல்லூரியில் இடம் உறுதி. பதிந்துவிட்டால் அப்புறம் வேறு படிப்புக்கு மாற முடியாது.

அதை நினைத்தால் நறுமுகைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கொட்டாவியோடுதான் இனி ஆயுசு முழுக்கவா?

"எனக்கு ஒண்ணுமே புடிக்கலீங்ப்பா. தூக்கந்தான் வந்துச்சு."

"மெஷின் பொய் சொல்லுமா? உனக்கு என்ன புடிக்கும்னு உனக்கே தெரியல, அவ்ளோதான்!"

மானியை இயக்கும் மோகனப்பிரியாவுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "பதியறதுக்கு முன்னாடி இன்னொருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்க" என்றாள்.

மறுபடி தொப்பி. முதல் முறை போலவே மகளின் கைமேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார் சென்னியப்பன். நம் ஊரில் எந்தத் தகப்பன் பிள்ளையைத் தனியாக விட்டான்? ஊசி போடும்போதும் பிடித்த கைதான், தேர்வு அறை வாசல்வரை பிடித்த கைதான். பாதியில் அவருடைய தொலைபேசி அலறியது. கல்யாணச் சீருக்கு அண்டா கேட்டு யாரோ. அவர் எழுந்து வெளியே போனார்.

எண் மளமளவென்று சரிந்தது. எழுபது, நாற்பது, கடைசியில் இருபத்திரண்டு.

பேசி முடித்து வந்து மறுபடி கையைப் பிடித்தார். எண் தொண்ணூற்றுக்குமேல் போய் நின்றது. மோகனப்பிரியா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அய்யா, கையக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தார். சரிந்தது. வைத்தார். ஏறியது.

"அட கடவுளே!" என்று தலையில் கை வைத்தாள் அவள். மானியைச் செய்த நாட்டில் பிள்ளைகள் தனியாகத்தான் வந்து உட்கார்வார்களாம். மேலே இன்னொரு கை இருக்கும் என்று அங்கே யாரும் கனவிலும் நினைக்கவில்லை. இரண்டு கை இருந்தால் எதில் துடிப்பு பலமோ அதைப் படித்துத் தொலைத்திருக்கிறது. "அப்ப இத்தனை வருஷமா நாங்க அளந்தது அம்மா அப்பாவோட சந்தோசத்தையா?"

சென்னியப்பன் விடவில்லை. "என்ற புள்ள நல்லா வரணும்கிற சந்தோசங்க அது. வேறென்ன?"

"அப்டீங்களா? நீங்களே தனியா உக்காருங்க, பாத்தர்லாம்."

உட்கார்ந்தார். தொப்பிக்குள் மகள் எங்கும் இல்லை. ஒரு மேசை, ஒரு திரை, ஓடாமல் அடம்பிடிக்கும் கணினி நிரல், அதை மல்லுக்கட்டிச் சரிசெய்யும் இரண்டு கைகள் மட்டுமே. எண் தொண்ணூற்றெட்டு. தொப்பியைக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா தெய்வானை சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தன நாளா எங்க உசுர வாங்குனது இதுக்குத்தானா?"

"இடம் உங்களுக்குத்தானுங்க. மானி வயசு கேக்கறதில்ல" என்றாள் மோகனப்பிரியா.

"நாம் போயிட்டா கடைய ஆரு பாப்பா?"

"நானுங்ப்பா!" என்றாள் நறுமுகை. மனசுக்குள் இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தது குபுக்கென்று வெளியே வந்தது. வணிகப் படிப்புக்கு அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். பேரம் பேசும் காட்சியிலேயே எண் தொண்ணூற்று மூன்றைத் தொட்டது.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. பெற்றோர்கள் தனித்தனியாக வந்து உட்கார்ந்தார்கள். அந்த வருடம் கணினித் துறை முதலாண்டு வகுப்பில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி, கால்வாசிப் பேருக்கு முழங்கால் வலி. நறுமுகை காலையில் வணிகக் கல்லூரிக்குப் போனாள், மாலையில் கடையில் உட்கார்ந்தாள். வியாபாரம் ஜோராக நடந்தது. சென்னியப்பனோ சோறு தண்ணி மறந்து படித்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பருவத்தேர்வு முடிந்ததும் அப்பாவின் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது, வீட்டிலிருந்து யாராவது வந்து ஆசிரியரைப் பார்க்கவேண்டும் என்று. கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு நறுமுகை ஓடினாள். வராந்தா நெடுக அவள் வயதுப் பிள்ளைகள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு அப்பாவோ அம்மாவோ தலையைக் குனிந்தபடி.

"மத்ததுல பரவால்லீங்க. கணிதத்துல போயிருச்சு. விளையாட்டு நிரல் எழுதறேன்னு அதுலயே கெடக்கறாரு" என்றார் ஆசிரியர்.

வெளியே வந்ததும் நறுமுகை பிடித்துக்கொண்டாள். "விளையாட்டெல்லாம் சோறு போடுமாங்ப்பா? அடுத்த வருஷம் தரவுப் பிரிவு எடுங்க. அதுலதான் வேலை உறுதி. நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டேன்."

"எனக்கு விளையாட்டு நிரல்தான் கண்ணு புடிச்சிருக்கு."

"உங்களுக்கு என்ன தெரியும்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்!"

வராந்தாவில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.