கப்பலுக்கு நாலாவது ஆள்

நான்காவது தேநீரை யாரும் கேட்கவில்லை. டவர் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில், மேசையில் மூன்று பேர். வந்தது நான்கு கோப்பை. உங்களோடு வந்தவர்தான் கேட்டார் என்று பரிமாறிய பெண், கமலநாதனுக்கு அருகே இருந்த வெறும் நாற்காலியைக் காட்டிவிட்டுப் போனாள். தேவராசா சிரித்தான். நிர்மலனும் சிரித்தான். கமலநாதனுக்கும் சிரிப்பு வந்திருக்கும், அந்த நாற்காலி நனையாமல் இருந்திருந்தால்.

இதற்கெல்லாம் காரணமான பகிடியை விட்டவன் கமலநாதன்தான். காலையில் சட்டனில் நிர்மலன் வீட்டிலிருந்து புறப்படும்போது, அவனுடைய மனைவி நாகேஸ்வரி வாசலில் மறித்துச் சொல்லியிருந்தாள்.

"மூண்டு பேராய்த் தூரப் பயணம் போகக்கூடாது. ஒரு கல்லையாவது நாலாவது ஆளெண்டு எடுத்துக்கொண்டு போங்கோ."

ஊரில் என்றால் கல் காலடியில் கிடக்கும். நிர்மலனோ கார் விடுவதற்காக முற்றம் முழுக்கக் கொங்கிரீட் போட்டிருந்தான். ஆகவே கல் எடுக்கும் வேலை தேம்ஸ் வரை தள்ளிப்போனது. கடல் வற்றோடு ஆறும் இறங்கிக் கிடந்த நேரம். கமலநாதன் படிகளில் இறங்கி, சேற்றுக்குள் கையை விட்டு, முட்டையளவில் கறுப்பாய் ஒன்றைத் தோண்டி எடுத்தான். அத்தோடு விட்டிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு அவன் எப்போது சும்மா இருந்தான்? கல்லுக்கு அழைப்பும் வைத்தான்.

"வா மச்சான். கப்பல்லை நாலு படுக்கை. ஒண்டு காலி."

நாளைக் காலை சவுதாம்ப்டன் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல். பதினொரு இரவுகள். இருபது வருடம் லண்டனில் இருந்தும் டவர் பாலத்தைப் பிஸ்கட் டின்னில் மட்டுமே பார்த்திருந்தவனுக்குக் கடலைப் பார்ப்பதும் ஒன்றும் பெரிதில்லை. மனைவி ஷோபா இறந்து ஒரு வருடமாக அவன் வானொலியைப் பேசவிட்டுத்தான் படுக்கிறான். இனிப் பக்கத்துப் படுக்கைகளில் இரண்டு பேர் குறட்டை விடுவார்கள். அவனுக்குப் பயணம் என்பது அதுதான். அதை அவன் வெளியே சொல்லவில்லை. சொன்னால், இதற்காகவே ஜெர்மனியிலிருந்து வந்திருந்த தேவராசா, அங்கேயே நின்று குறட்டை விட்டுக் காட்டுவான்.

பாலத்தடியில் ஒரு சுற்றுலாப் பயணியிடம் கமராவைக் கொடுத்து நின்றார்கள். அவர் கையை அசைத்து, யாரையோ இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். பிறகு பெருவிரலை உயர்த்தினார். கமராவின் சின்னத் திரையில் மூன்று பேர். நிர்மலனுக்கும் கமலநாதனுக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெளி. அந்த வெளியில், தோள் உயரத்தில், நிர்மலனின் கை எதன்மேலோ சாய்ந்திருந்தது.

"உன்ரை தோளிலை எல்லோ போட்டனான்" என்றான் நிர்மலன்.

போடவில்லை. கமலநாதனுக்குத் தெரியும்.

அதன் பிறகு அவன் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தான். பாலத்தருகே இருந்த பழைய கோட்டையின் சுவரோரம், பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சலுக்கும் வறுத்த கடலையின் சீனி மணத்துக்கும் கீழே, பழைய சேற்றின் வாடையொன்று அவர்களோடு திரும்பி அவர்களோடு நின்றது, மூன்று சோடிச் சப்பாத்துகளின் ஓசைக்குப் பின்னால் வெறுங்காலின் ஈரச் சத்தம் ஒன்று அரை அடி பிந்தி வந்தது, ஜாக்கெட் பையில் கிடந்த கல்லோ மூன்று மணித்தியாலமாகியும் அவன் உடம்புச் சூட்டில் ஒரு துளி சூட்டைக்கூட வாங்கவில்லை. கோட்டை வாசலில் காவலர் விரலால் எண்ணினார். நான்கு.

இது கப்பலில் ஏறக்கூடாது. யன்னல் இல்லாத அந்த அறைக்குள் வரக்கூடாது.

படகுத்துறையில் வெஸ்ட்மின்ஸ்டர் போகும் படகு நின்றது. மற்ற இருவரையும் ஏறச் சொல்லிவிட்டு, கமலநாதன் கம்பி ஓரத்துக்கு நடந்தான். கல்லை எடுத்தான். மன்னிச்சுக்கொள் மச்சான் என்று முணுமுணுத்தான். கல்லிடமும் மரியாதை பார்க்கிற ஆள். எறிந்தான்.

நீர் தெறித்த சத்தம் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ குளிர்ந்தது.

திரும்பினான். படகுக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. சங்கிலியைக் கொழுவினார்.

மூன்று. நிம்மதி அரை மூச்சுக்குத்தான் நின்றது. அவன் இன்னும் ஏறவில்லையே.

மேல்தட்டில் தேவராசா. நிர்மலன். நடுவில் முதுகு காட்டி ஒருவன். கமலநாதனின் மண்ணிற ஜாக்கெட்.

குனிந்து தன்னைப் பார்த்தான். ஜாக்கெட் இல்லை. சட்டை முழுக்கக் கறுப்புச் சேறு.

"கல்லை என்னடா செய்தனி?" தேவராசாவின் குரல்.

"ஆத்திலை போட்டிட்டன் மச்சான்."

அது கமலநாதனின் குரல். அவனுடைய அதே இழுப்பு. இருவரும் சிரித்தார்கள். படகு விலகியது.

ஓட நினைத்தான். கால் எழவில்லை. கத்த வாயைத் திறந்தான். நாக்கில் சேறு. தொண்டையில் சேறு. பக்கத்தில் நின்றவர்கள் அவனூடாக ஆற்றைப் பார்த்தார்கள்.

நிர்மலன் அந்தத் தோளில் கையைப் போட்டான். ஜாக்கெட் கையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. பிறகு அது மெதுவாகத் திரும்பி, கமலநாதனின் முகத்தால் அவனைப் பார்த்து, கண்ணடித்தது.