தொட்டியில் ஒன்றும் சாகவில்லை

குழாயில் வெறும் தண்ணீர்தான் வந்தது. தொட்டியின் அடியில் படிந்திருக்கும் செத்த நண்டுக் குஞ்சுகளை விடிந்ததும் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. வாளியில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று வந்து விழும். அதைப் பார்த்துவிட்டுப் புருஷன் அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். நண்டு முட்டை பொரிந்தால் குஞ்சு லட்சக்கணக்கில் வரும், முக்கால்வாசி கண்ணெதிரே செத்தும் போகும். எந்தத் தொட்டியிலும் அதுதான் நடக்கும். இன்றைக்கோ வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவளோ வாளியைக் கொட்டிவிட்டு மறுபடி உறிஞ்சிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணுகூட சாகலை."

"சாகாது," என்றான் அவன், திரும்பாமலே. இடது கை ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு.

"விரல்ல என்ன?"

"மீன் அரைக்கிற மெஷின்ல பட்டுடுச்சு. விடு."

வீட்டின் பின்சுவரோடு ஒட்டிக் கட்டிய கொட்டகை அது. ஜன்னல் கிடையாது, வாசலில் கறுப்புத் தார்ப்பாய் தொங்கும். தண்ணீருக்குள் காற்றடிக்கும் மோட்டாரின் இரைச்சல் இரவு பகலாகச் சுவர் வழியே வந்து அவள் தலையணைக்குள் ஓடும். உப்பும் அயோடினும் ஈர சிமெண்டும் கலந்த வாடை எத்தனை தடவை குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. இதுதான் கடைசித் தடவை என்று அவன் சத்தியம் பண்ணியிருந்தான். இந்தக் குஞ்சுகள் மட்டும் பெரிய நண்டாகிவிட்டால் போதும், கொட்டகையை இழுத்து மூடிவிட்டு வேறு ஊர், வேறு வேலை, மனுஷர் மாதிரி ஒரு வாழ்க்கை. அந்த வாழ்க்கைக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன தடவை எல்லாம் செத்து மிதந்தபோது மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க சதையை அறுத்துப் போட்டாலும் இதுங்க பிழைக்காது" என்று சொல்லிவிட்டாள். சண்டைக்கு வருவான் என்று பார்த்தாள். அவன் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கொடுக்கு முளைத்த பிறகுதான் நண்டு வளர்ப்பின் நிஜக் கூத்து. பெரியது சின்னதைத் தின்னும். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு மெத்தென்று கிடப்பதை மற்றதெல்லாம் சேர்ந்து தின்னும். அளவு பார்த்துப் பிரித்து, ஒளிந்துகொள்ள வலைத் துண்டும் உடைந்த கூரை ஓடும் போட்டு, அப்படியும் விடிந்தால் பிய்ந்த கால்களைத்தான் அள்ள வேண்டியிருக்கும். அவனோ எல்லாவற்றையும் ஒரே பெரிய தொட்டியில் கொட்டினான்.

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? விடிஞ்சா ஒண்ணுதான் மிஞ்சும்."

"பசிச்சாத்தானே கடிக்கும்?"

விடிந்தபோது ஒரு கால்கூடப் பிய்ந்திருக்கவில்லை. எல்லாம் பக்கத்தில் பக்கத்தில், சத்தமில்லாமல், அவன் ஸ்டூல் போட்டு உட்காரும் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தன.

நண்டுகள் வளர்ந்தன. அவன் இளைத்தான். வேர்த்துக் கொட்டுகிற புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. சாப்பாட்டுத் தட்டைக் கொட்டகைக்கே எடுத்துப் போனான், படுக்கையையும் எடுத்துப் போனான். அப்புறம் தட்டையும் தார்ப்பாய்க்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னான். தார்ப்பாயைத் தூக்கினால், "குஞ்சு மிரளும், போ" என்று விரட்டினான். தன்னைப் பிடிக்காமல்தான் ஒதுங்குகிறான் என்று நினைத்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவனுக்கு இன்னொருத்தி இருந்தால் போய்த் தலைமுடியைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்திருப்பாள். நண்டோடு என்ன சக்களத்திச் சண்டை போடுவது?

ஒரு மத்தியானம், தீவன மீன் விற்கும் மீசைக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, தொழிலை விட்டாச்சா?"

"இல்லையே. ஏன் அண்ணே?"

"மழை பிடிச்சதுல இருந்து அவர் எங்கிட்ட மீனே வாங்கலையே. வேற யார்கிட்டயாவது வாங்குறாரா?"

"ஆமாண்ணே," என்றாள். மழை விட்டு, வெயில் காலமே பாதி முடிந்திருந்தது.

உள்ளே போய்ப் பரணில் மீன் அரைக்கும் மெஷினைத் தேடினாள். மூலையில் இருந்தது. அதன் வாய் முழுக்கச் சிலந்தி வலை. பழைய வலை, தூசி படிந்து கனத்துத் தொங்கியது. அந்த விரல் எந்த மெஷினில் பட்டது?

அப்போதுதான் கவனித்தாள். மோட்டார் இரைச்சல் இல்லை. எப்போது நின்றது?

கொல்லைப்புறம் பளீரென்ற வெயில். தார்ப்பாய்க்குப் பின்னால் இருட்டு. மீன் வாடை இல்லை. ரத்த வாடையும் இல்லை. கழுவித் துடைத்த வீட்டின் வாடை.

"உள்ள வா," என்றான். எப்போதும் விரட்டுகிறவன். "செருப்பை வெளியிலயே விட்டுட்டு வா."

தொட்டிமேல் ஒற்றை பல்பு. ஸ்டூலில் அவன். இடது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தான். முழங்கை தெரிந்தது. அதற்குக் கீழே இல்லை.

காயமும் இல்லை. குழந்தையின் தோல் போல மழமழவென்று மூடியிருந்தது.

"ஐயோ, எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம். எந்திரிங்க."

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். பாரமே இல்லாமல் வந்தான். வேட்டி தொடைக்குக் கீழே காலியாகத் தொங்கியது. அவனை மறுபடி ஸ்டூலிலேயே விட்டாள்.

"போயிடலாம்னு சொன்னீங்களே," என்றாள். "வேற ஊருக்குன்னு சொன்னீங்களே."

"சொன்ன மாதிரி வளர்த்துட்டேன்ல? பாரு."

பார்த்தாள். உள்ளங்கையை விடப் பெரிய நண்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக விளிம்புவரை. ஒவ்வொன்றின் வயிற்றடியிலும் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து பிதுங்கி நின்றது.

"எல்லாம் தாயாகப் போகுது," என்றான். "இனிமே நான் ஒருத்தன் பத்தமாட்டேன்."

பின்னால் சரசரவென்று சத்தம். தார்ப்பாயின் அடியில், வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு வரிசை நண்டு உட்கார்ந்திருந்தது. கண்கள் எல்லாம் தண்டில் தூக்கி நின்றன. அவளைப் பார்த்து.

அவன் மிச்சமிருந்த கையால் அவள் கையைப் பிடித்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு பதமாக அவன் அவளைத் தொட்டதே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது.

"பயப்படாதே. வலிக்காது. முதல்ல கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்."

கையை உதற வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. விரல்நுனி தண்ணீரைத் தொட்டது. வெதுவெதுப்பு. தாய் நண்டுகள் அவசரப்படாமல் விலகி வழிவிட்டன.

கூசியது.