நீல மருந்து

விளக்கு வைத்துவிட்டால் கோழிகள் அடங்கிவிடும். பிள்ளைப்பாக்கத்துப் பண்ணையில் அன்று அடங்கவில்லை. இறகுச் சலசலப்பெல்லாம் ஓய்ந்த பிறகும், சளி கட்டிய தொண்டையிலிருந்து வருவதுபோல் ஒரு கொர்கொர் சத்தம், எச்ச நெடியோடு கம்பிவலை வழியே கசிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் கைக்குழந்தை எழிலரசி தூளியில் தூங்க, கங்கம்மாள் அரிக்கேனைத் தணித்துக்கொண்டு காது கொடுத்தாள். சத்தம் இரண்டாவது கொட்டகையில்.

அங்கேதான் மருந்தே போடவில்லையே!

சில நாள் முன்பு தடுப்பு மருந்து கொண்டுவந்தவன் சுப்பராயன், ஊருக்குப் புதியவன். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து புது ஆளென்றாலே ஊருக்குச் சந்தேகம். அவளுக்குச் சொல்லவே வேண்டாம். ஐஸ் போட்ட பிளாஸ்கிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். உள்ளே நீல மருந்து. ஒரு கோழியின் கண்ணில் சொட்டு விட்டான்.

"இன்னாங்க இது, கண்ணுல ஊத்தறீங்க?"

"கோழிச் சீக்குதாம்மா. உயிரோடதான் கீது. வீரியத்த அடக்கி வெச்சிக்கிறாங்க. ரெண்டு நாளைக்கு கொர்கொர்னும், அப்பால சரியாப்பூடும்."

சீக்கைத் தடுக்கச் சீக்கையே ஊற்றுவானாம்! ஆனாலும் கோழிகளைப் பிடித்துக் கொடுத்தாள். முதல் கொட்டகையோடு மருந்து தீர்ந்தது. மீதிக்குக் கொண்டுவருகிறேன் என்று போனவன் திரும்பவேயில்லை.

முதல் கொட்டகை இருமித் தேறியது. இரண்டாவது தேறவில்லை. ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தாவத் தாவ, அடக்கி வைத்த சீக்கு வீரியம் ஏறி ஆட்டம் போட்டது. அடுத்தடுத்த நாட்களில் கோழிகள் கழுத்தை நீட்டி, அலகைப் பிளந்து, காற்றுக்குத் தவித்துச் செத்தன. பாவி, அவன் வேலைதான் இது!

ஒரு ராத்திரி அரிக்கேனோடு கொட்டகை வாசலில் நின்று யோசித்தாள். சுப்பராயன் இந்தக் கொட்டகையில் காலே வைக்கவில்லை. கணவன் பரசுராமன் மருந்து போடுவதற்கு முன்பே முட்டை லாரியோடு போனவன், இன்னும் வரவில்லை. பின்னே யார்?

மருந்து போட்ட அன்று இங்கே தீனி வைத்தது அவள்தான். விரலில் ஒட்டிய நீலத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கறை போகவில்லை. கட்டிக்கொள்ள லாயக்கில்லை என்று அந்தப் புடவையை...

கொட்டகையில் சத்தம் நின்றது. எல்லாம் ஒரே நேரத்தில்.

கொர்... கொர்...

வீட்டுக்குள்ளிருந்து.

ஓடினாள். அரிக்கேனைத் தூக்கினாள். அந்தப் புடவையில் கட்டிய தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடிப்பக்கத்தில் அவளுடைய ஐந்து விரல்களின் தடம், நீலமாக.

"கண்ணு..."

துணியை விலக்கினாள். எழிலரசி விழித்திருந்தாள். கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, அம்மாவையே பார்த்தாள். கண்ணோரம் ஒரு நீலச் சொட்டு.